பேனரில் பதினோராவது முகம்

மாசி மகத்துக்காகக் கோயில் வாசலில் இளைஞர் மன்றம் கட்டிய பேனரில் பதினொரு முகங்கள் சிரிக்கின்றன. கடைசி முகம் அறிவுமதியுடையது. மஞ்சக்குப்பம் பதிவாளர் ஆபீசுக்கு மனு எழுதி மன்றத்தைப் பதிவு செய்தவன் அவன்தான். வெயிலில் பளபளக்கும் அந்த முகத்தைச் சுற்றி, ஏணி மேல் நிற்கும் மன்றத்து நண்பன் சேரன் பிளேடை இழுக்கிறான். “காலனிக்காரன் மூஞ்சி சாமிக்கு எதிர்க்க எதுக்குன்னு ஊர்ல கேக்குறாங்க மச்சான். கோச்சிக்காத. ஏணிய ஆட்டாம புடி.” அறிவுமதி இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். வெட்டிய துண்டு அவன் தோளில் பட்டுத் தரையில் மல்லாந்து விழுகிறது. பத்து முகங்களுக்குப் பக்கத்தில் இப்போது வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியே காற்று வீசுகிறது. இறங்கிவந்த சேரன் துண்டை எடுத்து, வேட்டியில் மண்ணைத் துடைத்து, அக்கறையாக நீட்டுகிறான். “சிரிச்ச மூஞ்சி மச்சான், வீணாக்காத. உங்க தெருவுல கட்டிக்க.”