வழித்துணை

“இன்னும் எத்தனை படி தம்பி? இந்தச் சாமிக்குக் கீழேயே ஒரு இடம் கிடைக்கலையாமா?” அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

“பாதி மலை ஏறிட்டீங்கம்மா. கொஞ்சம் உட்காருங்க.” அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

இரண்டு மடக்கு குடித்துவிட்டு அவள் அவன் தோளைப் பிடித்து எழுந்தாள்.

“நடை சாத்திடுவாங்க, வா. முன்னபின்ன தெரியாத எனக்கு இவ்வளவு பண்றியே! உன்னைப் பெத்தவ குடுத்து வெச்சவ.”

அவன் பாட்டிலை மூடிக்கொண்டு அவளோடு ஏறினான்.

எதிரே ஒருத்தி இறங்கி வந்தாள். “நல்ல தரிசனம்மா, கூட்டமே இல்ல. இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றவள், காய்ந்த துணி வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மூன்றாம் மாடியில் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

மொட்டைமாடி வந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கண்டதும் அம்மாள் தலைக்குமேல் கை கூப்பினாள். கண்ணீர் வழிந்தது.

“சாமி, என் புள்ள என்னை மறந்தே போயிட்டான். போகட்டும், அவனுக்கு ஒரு குறையும் வெச்சிடாதே. ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகச் சொல்லு.”

“வருவான்மா. நாளைக்கும் ஏறி வந்து வேண்டிக்குவோம்” என்று படியிறங்கக் கை கொடுத்தான் மகன்.