இடது மட்கார்டு

பசுமலைப் பட்டறையின் தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டே இருக்கிறது. டிங்கர் விக்ரம் கண்ணை மூடிக்கொண்டு, பழைய பியட் காரின் இடது மட்கார்டை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறான். விபத்தில் நசுங்கி வந்த தகடு. மூன்று நாள் தட்டியதில், சுவரில் ஒட்டியிருக்கும் படத்துச் சிவப்பு வண்டியின் வளைவு அதில் ஏறிவிட்டது. ஐம்பதுகளில் இத்தாலிக்காரர்கள் கையாலேயே தட்டிச் செய்த பந்தய வண்டி அது. சக்கரத்துக்கு மேலே திமில்போல் புடைத்து, கதவருகே ஒட்டிய வயிறாக ஒடுங்கி, வாடிவாசல் திறக்கக் காத்திருக்கிற மாடுபோல் நிற்கும். பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்து, அவனைக் கேட்காமலே கை அதைச் செய்துவிட்டது. வாசல் வெளிச்சம் தகட்டின்மேல் தண்ணீராய் வழுக்குகிறது. வண்டிக்காரர் ஹரிராம் குடையை மடக்காமலே நிற்கிறார். "அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க கார்த்திகேஷ் ஓட்டுன வண்டி இது இல்ல." அந்த விபத்தில் போன மகன் அவன். "பழையபடியே தட்டிருறேன்ணே," என்கிறான் விக்ரம். சுத்தியலுக்கடியில் திமில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, தெருவில் ஓடும் எந்த பியட்டையும்போல் ஆகிறது. ஹரிராம் குனிந்து, முன்விளக்குக்குக் கீழே தொடுகிறார். "இங்கன ஒரு சின்ன நெளிவு இருந்துச்சு. ஓட்டிப் பழகுனப்ப வீட்டுக் கேட்டுல இடிச்சுட்டான். அதையும் வச்சுக் குடுங்க." நெளிவு எடுத்தே பழகிய கை சுத்தியலோடு தயங்கி நிற்கிறது. "எம்புட்டு ஆழம்ணே?" ஹரிராம் தன் பெருவிரலை நீட்டுகிறார். "இது உக்காருற அளவு."