இரைச்சல்

மத்தியான வெயில் கட்டில் காலைத் தொடுகிறது. டிவிக்குக் கீழே, மூடி போட்ட புதுக் கம்ப்யூட்டர் பெட்டி சூடு தாங்குமா என்று பார்க்க, ஒரு மணி நேரமாகப் படம் ஓடுகிறது. இரைச்சல் என்றாலே எரிந்து விழும் அப்பாவுக்காக, மகன் பெட்டிக்குள் இருக்கும் ஃபேனின் வேகத்தைக் குறைத்தே வைத்திருக்கிறான். திரையின் மூலையில் எண்பத்தெட்டு டிகிரி. மூடிமேல் வைத்த புறங்கையை வெடுக்கென்று எடுக்கிறான். கட்டிலில் கிடக்கும் மாமனாரின் கடைவாயைத் துடைத்தபடி அவன் மனைவி சொல்கிறாள்: "ஃபேனை முழுசா ஓட விடுங்க. நேத்து தட்டு விழுந்து உடைஞ்சப்பவே மாமாவுக்குக் கேக்கல." அவன் வேகத்தைக் கூட்டுகிறான். பெட்டி இரைகிறது. எண் மளமளவென்று இறங்குகிறது: எழுபது, அறுபது, ஐம்பத்தைந்து. அவன் அதைப் பார்க்கவில்லை. அப்பாவின் நெற்றி ஒரு தடவையாவது சுருங்குமா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறான்.