விரல் சொன்னால் இறங்கும்

மதிய வெயிலில் இரும்பு உத்தரம் ஒன்று கிரேன் கொக்கியில் தொங்கி லேசாகத் திரும்புகிறது. தூண் உச்சியில் இரண்டு பேர் ஸ்பானரோடு அதற்காகக் காத்திருக்கிறார்கள். கிரேன் ஓட்டுபவர் என்ன பாஷைக்காரரோ, கீழே நின்று சைகை காட்டுகிறவருக்கு மூன்று வருஷமாகியும் தெரியாது. புதிதாக வந்த இன்ஜினியர் தனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் "இறக்கு!" என்று கத்தி, இரண்டு கைகளையும் வீசுகிறார். மெல்ல இறங்கிக்கொண்டிருந்த உத்தரம் சட்டென்று நின்றுவிடுகிறது. சைகைக்காரர் சொல்கிறார்: "சார், கையக் கட்டிக்குங்க. ரெண்டு கையையும் யார் வீசினாலும் அவர் நிறுத்திடுவார். எந்த ஊர்க்காரரா இருந்தாலும் அதுதான் வழக்கம். உங்க வாய் அங்க கேக்காது, கைதான் கேக்கும்." இன்ஜினியர் கையைக் கட்டிக்கொள்கிறார். சைகைக்காரரின் சுட்டுவிரல் கீழ்நோக்கி மெல்ல வட்டமிடுகிறது. உத்தரம் அங்குலம் அங்குலமாக இறங்கித் தூணின் தலையில் கச்சிதமாக உட்காருகிறது. சைகைக்காரர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறார். பேசி முடித்தாயிற்று.