கறி விலகல்

தலைவர் நாசு காற்றை இரண்டு முறை மூக்கால் இழுத்தார்.

"எவன்யா இங்க மருந்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்? பன்னி மோப்பம் பிடிச்சா அடுத்த மலைக்கே ஓடிரும்."

நவம்பர் பதினைந்து. வேட்டை சீசனின் முதல் காலை. தேவதாரு மரங்களுக்கு அடியில், மலைத்தேவியின் கல்லுக்கு ஷோச்சூ சாராயம் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு நாங்கள் நான்கு பேரும் நின்றிருந்தோம்.

பிளாஸ்திரி என்னுடையது. இடது கெண்டைக்காலில், மூன்று காலுறைகளுக்கு அடியில் இருந்தது.

வெறும் சுளுக்கு என்றால் அப்போதே சொல்லியிருப்பேன். இது சதை கிழிந்தது. எங்கள் ஜப்பானிய மொழியில் அதற்கு 'நிக்குபனாரே' என்று பெயர். அப்படியே சொன்னால், கறி விலகல்.

ஊரில் மற்றவர்களுக்கு அது வெறும் கால்வலி. பன்றி வேட்டைக்குப் போகிறவனுக்கு அதைவிட அபசகுனமான வார்த்தை கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒகாதா முதல் நாளே இதே கல்லுக்கு முன்னால், "எனக்குக் கறி விலகிருச்சு" என்று சொல்லித் தொலைத்தான். அந்த சீசன் முழுக்க எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முயல்.

அன்று தலைவர் சட்டம் போட்டார். கறி விலகியவன் மார்ச் வரை வீட்டில் கிடக்க வேண்டும்.

என் வீட்டில் மனைவி கூட்டுப்பாட்டு வகுப்பு நடத்துகிறாள். பதினான்கு பெண்கள் பாடுகிறார்கள். இந்த நான்கு மாதத்துக்காகத்தான் நான் மற்ற எட்டு மாதமும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஊர் விளையாட்டு விழாவில், அறுபதைத் தாண்டியவர்களின் அஞ்சலோட்டத்தில்தான் அது நடந்தது. யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் கல்லெறிந்த மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டே திரும்பி, எவன் எறிந்தது என்று பார்த்தேன். யாரும் இல்லை.

கறி விலகும்போது எல்லோரும் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எலும்பு வைத்தியர் குரோகி பிறகு சொன்னார்.

கோலை ஒகாதாவிடம் கொடுத்தேன். சிரித்தேன். கூட்டத்துக்குக் கையசைத்தேன். கழிப்பறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

அதன்பிறகு ஐந்து வாரம், செவ்வாய்தோறும், குரோகியின் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். பல் தேய்க்கும் நேரத்தில் குதிகாலை இருபது முறை தூக்கி இறக்கினேன். கடைசியில், நிற்கலாம், மேடு ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். உடம்பைச் சூடேற்றாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதே என்று வாசல்வரை வந்து மிரட்டினார்.

அந்தக் குரோகி இதோ எதிரில் நின்று, ஒன்றும் தெரியாதவர்போல் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எலும்பு தெரிந்தவர் என்பதால் பன்றியைக் கூறு போடுவது அவர் வேலை. மற்றபடி வேட்டை தொடங்கிவிட்டால் காரை விட்டு இறங்கமாட்டார்.

"சரி, நாயோட மேல போறது யாரு?" என்றார் தலைவர்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நானும் ஒகாதாவும் முட்டி மோதுவோம். மேட்டில் ஏறிப் பன்றியைக் கலைத்து விரட்டுகிறவனுக்குத்தான் ஈரலில் முதல் துண்டு. மற்றவர்கள் பன்றி இறங்கும் வழியில் துப்பாக்கியோடு நின்றால் போதும்.

"ஒகாதா போகட்டும். நான் எத்தனை வருஷந்தான் ஈரல் திங்கிறது?" என்றேன்.

"ஐயோ, நீங்களே போங்கண்ணே. எனக்குக் கொலஸ்ட்ரால்."

"அப்ப தலைவர் போகலாமே."

"தலைவன்னா நின்னுதான்யா பாக்கணும்" என்றார் தலைவர், கொஞ்சம் அவசரமாக.

அப்போதுதான் அவருடைய நாய் கோமா என் காலடிக்கு வந்தது. கெண்டைக்காலை முகர்ந்தது. தும்மியது.

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

கோமா ஒகாதாவிடம் போனது. முகர்ந்தது. தும்மியது. ஒகாதா வானத்தைப் பார்த்தான்.

பிறகு அது வாலை ஆட்டிக்கொண்டு தன் எஜமானரிடம் போய், வலது காலை முகர்ந்து, மூன்று முறை தும்மியது.

அஞ்சலோட்டத்தில் கடைசியாக ஓடியவர் தலைவர். கடைசி இருபது மீட்டரை நடந்தே முடித்தார். எவ்வளவு கௌரவமாக நடக்கிறார் என்று ஊரே கைதட்டியது.

குரோகி இன்னொரு மடக்கு குடித்தார். பின்வாசல் ஒன்றுதான், ஆளுக்கொரு கிழமை கொடுத்திருக்கிறார், புண்ணியவான்.

தலைவர் கல்லுக்கு முன்னால் குனிந்து ரொம்ப நேரம் கும்பிட்டார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"கறி விலகுதுன்னா எங்கேருந்து விலகுது? பன்னிகிட்டேருந்து. விலகி எங்க வரும்? நம்மகிட்ட. மூணு பேருக்கு விலகியிருக்கு. அப்ப மூணு பன்னி."

சட்டம் அத்தோடு ஒழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மார்ச் வரை பாட்டு கேட்க வேண்டாம்.

மூன்று பேரும் சேர்ந்தாற்போல் குரோகியைப் பார்த்தோம். முழுக்கால் வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

"நானா?" என்றார்.

பெருமூச்சு விட்டார். குடுவையை மூடிவைத்துவிட்டு கோமாவின் கயிற்றைப் பிடித்தார். கயிறு கைக்கு வந்ததுதான் தாமதம், கோமா மேட்டைப் பார்த்துப் பாய்ந்தது. குளிரில் விறைத்துப்போயிருந்த குரோகியும் அதோடு பாய்ந்தார்.

பத்து அடி போயிருப்பார். சட்டென்று நின்றார். திரும்பி எங்களை முறைத்தார்.

"எவன்யா கல்லெறிஞ்சது?"

நாங்கள் யாரும் எறியவில்லை.

"நாலு பன்னி" என்றார் தலைவர்.