பாதி வெள்ளை

“கைய வெச்சுடாத மாரே! வெள்ளை இலை, சட்டுனு கருகிடும்.”

டிரினிங் சொன்னதும் ஃபெலிசா கையை இழுத்துக்கொண்டாள். சுருக்கென்றது. தொட்டால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

தேங்காய் நார் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்து மூலையில் உத்தரம்வரை ஏறியிருந்தது அந்த மான்ஸ்டெரா. கிழிந்த பெரிய இலைகள் ஒவ்வொன்றும் பாதி பச்சை, பாதி பால் வெள்ளை. தக்பிலாரானில் அந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது. உறவுக்காரர்கள்கூட ஃபெலிசாவின் வாசலைத் தாண்டிப் போய், அந்தச் செடியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

டிரினிங், ஃபெலிசாவின் மகனுக்கு ஞானத்தாய். அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் ‘மாரே’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். இருந்து என்ன? பொறாமை உறவு பார்த்தா வருகிறது?

“ஒரே ஒரு துண்டு குடேன் மாரே.”

“என் கழுத்துச் சங்கிலியக் கேளு, கழட்டித் தர்றேன். இத மட்டும் கேக்காத.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன.”

“அடுத்த வருஷமும் இதையேதான் சொல்லுவேன்” என்று சிரித்தாள் டிரினிங். “அதோட, வெட்டறதும் லேசுப்பட்ட வேலையில்ல. கணுவுக்குக் கீழ, பச்சையும் வெள்ளையும் கலந்த எடமாப் பாத்து வெட்டணும். முழு வெள்ளைத் துண்டு பொழைக்காது. தண்ணியில போட்டு ஜன்னலோரமா வெக்கணும். நேர் வெயில் ஆகாது.”

தரவும் மாட்டாளாம், பாடமும் நடத்துவாளாம். ஃபெலிசாவுக்கு வயிறு எரிந்தது.

“காலைக் கப்பல்ல செபு போறேன், மக வீட்டுக்கு. இந்தா சாவி. பூனைக்கு மீன் மட்டும் வெச்சுடு.”

“மறுபடியுமா? தவக்காலம் முடிஞ்சதுலேர்ந்து இது மூணாவது தடவை!”

“என்ன பண்றது? மக விடமாட்டேங்கறா.”

மணிலாவில் இருக்கும் தன் மகன் கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப்பார்ப்பதில்லை என்பது நினைவுக்கு வந்து, ஃபெலிசாவுக்கு அதற்கும் சேர்த்து எரிந்தது.

வீட்டுக்கு வந்து புருஷன் டெல்ஃபினிடம் கொட்டித் தீர்த்தாள்.

“கேட்டு வாங்கின செடி எங்கயாவது தழைச்சிருக்கா? திருடி வெச்சாத்தான் தழைக்கும். இது ஊருக்கே தெரியுமே” என்றான் அவன், கருவாட்டைப் புரட்டியபடி.

“என்னைத் திருடச் சொல்றியா? அதுவும் மாரே வீட்டுல?”

“நான் எங்க சொன்னேன்? கருவாடு கருகுதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

முந்தைய இரண்டு தடவையும் அவள் பூனைக்கு மீன் வைத்து, செடியை முறைத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. டிரினிங் வீட்டு அலமாரி மேலிருந்த குழந்தை இயேசு சிலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். கணுவுக்குக் கீழே, பச்சையும் வெள்ளையும் கலந்த இடம். நறுக்!

ஊரிலிருந்து திரும்பிய டிரினிங் செடியைப் பார்த்தாள். இலைகளைத் துடைத்தாள். பூனை ஒழுங்காகச் சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டாள். இவ்வளவுதானா இவள் செடி வளர்க்கிற லட்சணம் என்று ஃபெலிசா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அப்புறம் டிரினிங் செபு பேச்சையே எடுக்கவில்லை.

படுக்கையறை ஜன்னலோரம் துண்டு வேர்விட்டது. பாதி வெள்ளையாக ஓர் இலை சுருள் பிரிந்தது, பிறகு இன்னொன்று. ஆனால் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது? கதவைச் சாத்திக்கொண்டு அவளே பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

ஒரு மழை நாளில் சூடான பிபிங்கா அரிசிக் கேக்கோடு வந்தாள் டிரினிங். “சாரல் அடிக்குது, உள்ள ஜன்னலச் சாத்தினியா?” என்று கேட்டபடியே விறுவிறுவென்று படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டாள். ஃபெலிசா பின்னாலேயே ஓடினாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. டிரினிங் செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஃபெலிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷச் சிநேகம் இன்றோடு போயிற்று.

“மாரே, புத்தி கெட்டுப்போய்... என்னை மன்னிச்சு...”

“உஷ்! மன்னிப்பும் கேக்காத, நன்றியும் சொல்லாத, செடி பட்டுப்போயிடும்!” அவள் வாயைப் பொத்தினாள் டிரினிங். “என் தங்கச்சிக்கு ஆசையாக் கையால எடுத்துக் குடுத்தேன், ஒரே வாரத்துல அழுகிப்போச்சு. உனக்கும் அப்படி ஆயிடக் கூடாதே!”

“அதுக்காகவா கேட்டப்பல்லாம் இல்லேன்னு...”

“பின்ன? ‘வந்து திருடிக்கோ’ன்னு சொன்னா அது திருட்டா?” என்றாள் டிரினிங், புது இலையைத் தடவிக்கொண்டே. “செபுவாவது ஒண்ணாவது! சந்தைக்குப் பின்னால தங்கச்சி வீட்டுல, மூணு தடவையும் கொசுக்கடியில கெடந்தேன், நீ எப்பத்தான் திருடுவியோன்னு!”