போர்வையின் கரை

பந்தல்காரர் மாசானத்தின் உடம்புக்குள்ளே கவட்டை என்றொரு காவல்காரன் இருந்தான். பேருக்கேற்றபடி இரண்டாகப் பிரிந்த கொம்பு போன்ற உருவம். இரண்டு கை உண்டு, கண் கிடையாது. மாசானத்தின் வயிற்றைக் கலக்கிய கிருமியை, அதன் போர்வைக் கரையைத் தடவிப் பார்த்தே பிடித்தவன். அவன் எதைப் பிடித்துக்கொண்டாலும் தின்னி அணுக்கள் வந்து கேள்வி கேட்காமல் தின்றுவிடும். அங்கே அதுதான் வழக்கம்.

வயிறு சரியான பிறகும் கவட்டைக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுற்றிச் சுற்றிக் கால் வரைக்கும் வந்தான். அங்கே ஒரு போர்வை தட்டுப்பட்டது. தடவினான். அதே கரை.

"இங்கேதான் ஒளிந்திருக்கிறாயா?" என்று கட்டிப் பிடித்தான்.

"நான் நரம்பு அண்ணே. மாசானம் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்."

"கிருமியும் இப்படித்தான் ஏதாவது சொல்லும். கரை பொய் சொல்லாது."

"அந்தக் கிருமி என் கரையைப் போலவே ஒன்றைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தால்?"

கவட்டைக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. நிதானமாக இன்னொரு தடவை தடவிப் பார்த்தான். அதே கரைதான். பிடியை இறுக்கினான்.

தின்னிகள் வந்து போர்வையைக் கொறிக்கத் தொடங்கின. நரம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தடுமாறி நின்றது.

"உள்ளே என்ன அது?" என்று கேட்டான் கவட்டை.

"மூளையிலிருந்து காலுக்குப் போகிற சேதி."

"என்ன சேதி?"

நரம்பு ஈனக்குரலில் சொன்னது: "வயிறு தேறிவிட்டது, எழுந்து நட."